காந்தியைத் தேடி ஒரு லட்சம் மைல்!

கோட்டையூர் ஏ. கே. செட்டியாரின் வாழ்க்கை

1937-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி.

அட்லாண்டிக் மாகடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் பெயர் சமாரியா. அமெரிக்காவில் நியூயார்க் நகரை விட்டுப் புறப்பட்டு, அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினை நோக்கி அது சென்றது.

அந்தக் கப்பலில் ஒரு தமிழ் வாலிபர் இருந்தார். வயது இன்னும் 26 நிறையவில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோப் பிடிக்கும் தொழிலைப் படித்துத் தேர்ந்தவர். மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டில் பிறந்தவர்.

அன்று மகாத்மா காந்தியின் பிறந்த நாள். காந்தியடிகளுக்கு 68 வயது முடிந்து 69 பிறந்த நாள். தாயகத்தில் ஊருக்கு ஊர் அந்த நாளைக் கொண்டாடும் வேளையில், நடுக்கடலில் இருந்த வாலிபரின் மனத்தில் ஓர் எண்ணம் உதித்தது. காந்தியடிகளின் வாழ்க்கையைச் சினிமாப் படமாக எடுத்தால் என்ன? நடிகர் வேண்டாம், வேஷம் வேண்டாம். உண்மையான காந்தியே படத்தில் நடக்க வேண்டும், பேச வேண்டும், ராட்டை சுற்ற வேண்டும்.

எண்ணம் பெரியது. கையில் இருந்த வசதியோ மிகச் சிறியது. ஆனாலும் மூன்றே ஆண்டுகளில் அந்த எண்ணம் படமாகித் திரைக்கு வந்துவிட்டது!

அந்த வாலிபர்தான் ஏ. கே. செட்டியார். உலகம் சுற்றிய தமிழர் என்று பிற்காலத்தில் புகழப்பட்டவர் அவரே.

கணக்குப் பிள்ளைகளின் ஊர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ளது கோட்டையூர். முன்பு ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து அந்தப் பக்கம் போகும் சாலை நெடுகிலும் கண்மாய்களும், பனை மரங்களும், வானம் பார்த்த நிலங்களும்தான். ஆறு கிடையாது, நஞ்சை குறைவு. ஆனால் வீடுகளோ அரண்மனை மாதிரி! பர்மாத் தேக்கில் தூண், கண்ணாடி போல் பளபளக்கும் சுவர்.

காரணம், அந்த ஊர் நகரத்தார்கள் கடல் கடந்து தொழில் செய்தவர்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று பல நாடுகளில் அவர்களுக்கு லேவாதேவிக் கடைகள் இருந்தன. சிறு வயதிலேயே பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதக் கற்று, படிப்படியாக மேலாளாகி, ஒரு நாள் முதலாளியாக வேண்டும். ஒரு காசு கூடத் தவறாமல் எழுதி வைப்பதும், ஒரு துண்டுச் சீட்டையும் எறியாமல் காப்பதும் அவர்கள் பழக்கம்.

அந்தக் கோட்டையூரில் 1911-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கருப்பன் செட்டியார் பிறந்தார். அவரையே பின்னர் ஏ. கே. செட்டியார் என்று நாடு அழைத்தது.

அவருக்குப் பத்து வயது நிரம்பாத சமயத்தில் மதுரையில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து, மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கினார். ஏழைகளுக்கு உடுத்த முழுத் துணி இல்லாதபோது, தமக்கு மட்டும் நீண்ட ஆடை எதற்கு என்று அவர் மனம் வருந்தியது. 22-ந் தேதி காலையில் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, அவர் இடுப்பில் ஒரு துண்டுக் கதர் மட்டுமே இருந்தது. பிறகு அதே கோலத்தில் காரைக்குடிக்குப் பயணமானார். அந்தக் கோலம் கடைசி வரை மாறவில்லை.

உலகம் முழுவதும் இன்று அறிந்த காந்தியின் உருவம் மதுரையில் பிறந்தது. அந்த உருவத்தைத் திரையில் நிலைநிறுத்தப் போகும் பிள்ளை, காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்துகொண்டிருந்தான்!

பேனாவும் கேமராவும்

செட்டியாரும் தம் குலத்தவரைப் போலவே பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். ஆனால் அவர் மனம் வட்டிக் கணக்கில் நிற்கவில்லை; எழுத்தில் நின்றது. ரங்கூனில் நகரத்தார்கள் நடத்திய 'தன வணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

எழுத்தோடு போட்டோப் பிடிப்பதிலும் ஆசை பிறந்தது. அதை முறையாகப் படிக்க விரும்பி ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் ஒரு கல்லூரியில் சேர்ந்து படித்தார். பிறகு அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் மேலும் ஓராண்டு பயின்றார்.

போன இடங்களைப் பற்றியெல்லாம் தமிழில் கட்டுரைகள் எழுதினார். எளிய நடை, சின்னச் சின்ன வாக்கியங்கள், நடுவே லேசான சிரிப்பு. ஊரை விட்டு வெளியே போகாதவர்களும் அவற்றைப் படித்து ஜப்பானையும் அமெரிக்காவையும் கண்ணால் கண்டதுபோல் மகிழ்ந்தார்கள்.

இப்படிப் பேனாவும் கேமராவும் கைவந்த பிறகுதான் சமாரியா கப்பலில் அந்த எண்ணம் பிறந்தது.

நடிகர் இல்லாத படமா?

அந்த எண்ணம் எவ்வளவு துணிச்சலானது என்பதை அறிய, அந்தக் காலத்துச் சினிமாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தமிழ்ப் பேசும் படம் வந்தது 1931-ல். ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது வந்த படங்களில் பெரும்பாலானவை புராணக் கதைகள். ஒவ்வொன்றிலும் ஏராளமான பாட்டுகள். கிரீடமும் கத்தியும் இல்லாத படத்தைப் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட நாளில், நடந்ததை நடந்தபடியே காட்டும் டாக்குமெண்டரி படத்துக்கு யார் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள்?

அடுத்த தடை அரசாங்கம். நாடு வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. 1930-ல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்துபோய் உப்பு எடுத்தபோது, பல கேமராக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களைத் திரையிட அரசாங்கம் தடை போட்டது. காந்தி நடப்பதைப் பார்த்தால் ஜனங்களும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்!

மூன்றாவது தடை காந்தியடிகளே. அவர் சினிமா பார்ப்பவர் அல்ல. சினிமாவை விரும்பியவரும் அல்ல. கேமராவுக்காக நின்று முகம் காட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்கக்கூடியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நடந்து முடிந்த காலத்தை இனி எந்தக் கேமராவால் படம் பிடிக்க முடியும்? தென் ஆப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. தண்டி யாத்திரை முடிந்து ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவற்றை மறுபடி நடத்திக் காட்டினால் அது நாடகம் ஆகிவிடும்.

அப்படியானால் வழி ஒன்றுதான். அந்தந்தக் காலத்தில் யார் யாரோ எடுத்து வைத்த துண்டுப் படங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

உலகெங்கும் சிதறிய துண்டுகள்

அந்தக் காலத்தில் டெலிவிஷன் கிடையாது. சினிமாக் கொட்டகையில் பெரிய படம் தொடங்குமுன் செய்திப் படம் காட்டுவார்கள். பாத்தே, பாக்ஸ் போன்ற அயல் நாட்டுக் கம்பெனிகள் உலகம் எங்கும் ஆட்களை அனுப்பி, பெரிய சம்பவங்களைப் படம் பிடித்து வந்தன. காந்தியடிகளையும் அப்படிப் பல சமயங்களில் எடுத்திருந்தார்கள். ஒரு துண்டு இரண்டு நிமிஷம் ஓடும். சில வாரங்கள் கொட்டகைகளில் காட்டிய பிறகு, அந்தச் சுருள் ஏதாவது ஒரு கிடங்கில் போய் முடங்கிவிடும்.

அன்றைய பிலிம் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. சரியாகப் பாதுகாக்காவிட்டால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, பிறகு பொடியாகிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டு தாமதமும் காந்தியின் வாழ்க்கையில் ஒரு பக்கத்தைக் கிழித்து எறிவதற்குச் சமம்.

செட்டியார் தாமதிக்கவில்லை. டாக்குமெண்டரி பிலிம்ஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. அவர் பயணம் புறப்பட்டார். இந்தியாவிலும், இங்கிலாந்து முதலான ஐரோப்பிய நாடுகளிலும், தென் ஆப்பிரிக்காவிலும், அமெரிக்காவிலும் தேடினார். காந்தியடிகளைப் படம் பிடித்தவர் யார், சுருள் யாரிடம் இருக்கிறது, என்ன விலை கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்போது ஆகாய விமானப் பயணம் செல்வந்தர்களுக்கே உரியது. கப்பலிலும் ரயிலிலுமாக நாள் கணக்கில், வாரக் கணக்கில் போக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு கிடங்கில் சுருள் இல்லை என்றால், அத்தனை நாளும் வீண்.

பிறந்த ஊரின் பழக்கம் அங்கே கைகொடுத்தது. ஒரு காசையும் விடாமல் கணக்கு எழுதும் வம்சத்தில் வந்தவர், ஓர் அடி பிலிமையும் விடாமல் தேடினார்.

கிடைத்த துண்டுகளில் ஒன்று 1912-ம் ஆண்டுக்கு உரியது. அந்த ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே தென் ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்குள்ள இந்தியரின் குறைகளை நேரில் காண அவர் வந்தபோது, கூடவே இருந்து அழைத்துச் சென்றவர் காந்தி. அப்போது அவர் மகாத்மா ஆகவில்லை, வக்கீல் காந்திதான். ராட்டையும் இல்லை, இடுப்புத் துண்டும் இல்லை. கால் நூற்றாண்டுக்கு முந்திய அந்தச் சுருள் செட்டியாருக்குக் கிடைத்தது. புதையல் கிடைத்தவர்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க முடியாது!

பயணத்துக்கு இடையில் உலகமும் மாறிக்கொண்டிருந்தது. 1939 ஜூலை 8-ந் தேதி, வைத்தியநாத ஐயர் தலைமையில் ஹரிஜனங்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வணங்கினார்கள். காந்தியடிகள் பல ஆண்டுகளாக வேண்டிய காரியம் அது. ஹரிஜனங்களுக்குத் திறக்காத கோயிலுக்குப் போக மறுத்த அவர், பின்னர் 1946-ல் மதுரைக்கு வந்து மீனாட்சியை வணங்கினார். 1939 செப்டம்பரிலோ ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. கடலில் கப்பல்கள் மூழ்கின. நகரங்களில் குண்டு விழுந்தது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தேடப் புறப்பட்டிருந்தால், எத்தனை கிடங்குகளும் சுருள்களும் மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.

50 ஆயிரம் அடி. 12 ஆயிரம் அடி

மூன்று ஆண்டு உழைப்பு. ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்த துண்டுகள். எல்லாம் சேர்ந்து 50,000 அடி பிலிம்!

இதன் அளவு எவ்வளவு? கொட்டகையில் படம் ஓடும்போது நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். ஐம்பதாயிரம் அடியையும் ஓட்டினால், காலையில் உட்கார்ந்தவர் மாலையில்தான் எழுந்திருக்க முடியும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எந்தத் துண்டு எந்த ஆண்டில் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, காந்தியோடு நிற்பவர் யார் என்று கண்டறிய வேண்டும். ஒரே காட்சியை நான்கு பேர் எடுத்திருந்தால், நல்லதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பேசாத காலத்துப் பழைய சுருள் ஓட வேண்டிய வேகம் வேறு. பேசும் படத்தின் வேகம் வேறு. கவனிக்காமல் சேர்த்தால், காந்தி நடப்பது ஓடுவதுபோல் ஆகிவிடும்.

இப்படி வெட்டி ஒட்டி முடித்தபோது படம் 12,000 அடியாக நின்றது. இரண்டேகால் மணி நேரம் ஓடக்கூடியது. நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மூன்று பங்கை ஒதுக்க, தேடி அலைந்தவருக்கே மனம் வர வேண்டும். அது எளிய காரியம் அல்ல.

1940-ம் ஆண்டு ஆகஸ்ட் 23-ந் தேதி, சென்னை ராக்ஸி தியேட்டரில் 'மகாத்மா காந்தி' படம் வெளியாயிற்று. பின்னணியில் விளக்கம் தமிழில் ஒலித்தது. பிறகு தெலுங்கிலும் படம் வந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை முழு நீளத்தில் சொன்ன முதல் டாக்குமெண்டரி படம் அதுவே. அதை டில்லியோ பம்பாயோ செய்யவில்லை. கோட்டையூர்க்காரர் ஒருவர், அரசாங்க உதவி இல்லாமல், தமிழில் செய்தார்.

காந்தியைத் தெய்வமாக எண்ணியும் ஒரு நாளும் நேரில் காணாதவர்கள் அன்று எத்தனையோ பேர். கூட்டத்துக்குப் போனவர்களுக்கும் தூரத்தில் ஒரு புள்ளியாகத்தான் அவர் தெரிவார். இப்போதோ, அவர் வேகமாக நடப்பதையும், பொக்கை வாயால் சிரிப்பதையும் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

பெட்டிக்குள் உறங்கிய படம்

ஆனால் காலம் கெட்ட காலம். யுத்தம் வலுத்தது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் எழுந்தது. காந்தியடிகள் சிறை வைக்கப்பட்டார். அவர் படத்தைச் சுவரில் மாட்டுவதற்கே துணிவு தேவைப்பட்ட நாளில், கொட்டகையில் ஓட்டுவது எப்படி? படம் பெட்டிக்குள் உறங்கியது.

1947-ல் நாடு விடுதலை பெற்ற வேளையில் பெட்டி திறந்தது. இந்தி விளக்கத்தோடு படம் டில்லியில் திரையிடப்பட்டது. சில மாதங்களில், 1948 ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் சுடப்பட்டு மறைந்தார். இனி அவரை எவரும் புதிதாகப் படம் பிடிக்க முடியாது. செட்டியார் சேர்த்து வைத்த துண்டுகளின் அருமை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

செட்டியார் மறுபடி அமெரிக்கா சென்றார். அங்கே ஹாலிவுட்டில், படத்தைச் சுருக்கி ஆங்கில விளக்கத்தோடு தயாரித்தார்கள். 1953-ல் அது வெளியாயிற்று.

குமரி மலர்

படம் எடுத்தவர் அதோடு சினிமாக்காரர் ஆகிவிடவில்லை. பணம் தரும் கதைப் படங்களின் பக்கம் அவர் போகவே இல்லை. 1943-ல் 'குமரி மலர்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுக் காலம், இறுதி வரை, அதையே நடத்தினார்.

அது பரபரப்பான பத்திரிகை அல்ல. பழைய ஏடுகளில் மறைந்து கிடந்த அருமையான கட்டுரைகள், கடிதங்கள், பெரியோர்களின் நினைவுக் குறிப்புகள் முதலியவற்றைத் தேடி எடுத்து அதில் மறுபடி அச்சிட்டார். உலகெங்கும் பிலிம் துண்டு தேடியவர், இப்போது தமிழ்நாட்டில் காகிதத் துண்டு தேடினார். பொருள்தான் மாறியது, வேலை மாறவில்லை.

பயணங்களும் நிற்கவில்லை. மலேயா, கனடா, கரிபியன் தீவுகள், குடகு என்று அவர் எழுதிய நூல்கள் பல. பழைய காலத்தவர் தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டி, 1968-ல் ஒரு பெரிய தொகுப்பாகவும் கொடுத்தார்.

காந்தி படம் எடுத்த கதையை அவரே குமரி மலரில் எழுதினார். அதிலும் தம் பெருமை பேசவில்லை. உதவியவர்களைப் பற்றித்தான் நிறையச் சொன்னார். நூறு பேர் எடுத்த படத்தை ஒருவர் எடுத்ததாகச் சொல்ல அவர் மனம் இடம் தரவில்லை. தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர். 1983-ம் ஆண்டு, ஆரவாரம் இல்லாமலே மறைந்தார்.

தேடியவரின் படத்தைத் தேடினார்கள்!

இங்கேதான் விதியின் விளையாட்டைக் காண்கிறோம். மற்றவர்களின் படச் சுருள்களைக் காப்பாற்றிச் சேர்த்தவரின் சொந்தப் படமே காணாமல் போயிற்று! பல ஆண்டுகள் அதன் பிரதி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெரிய காந்தி நூலகங்களில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குக் கூட, அப்படி ஒரு படம் வந்ததே மறந்துவிட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வரலாற்று ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதைத் தேடலானார். குமரி மலரில் செட்டியார் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில், 1953-ல் வந்த ஆங்கிலச் சுருக்கப் பிரதி இருப்பதையும் கண்டுபிடித்தார். உலகம் சுற்றித் துண்டு தேடியவரின் படத்துண்டையும், கடல் கடந்துதான் தேட வேண்டியிருந்தது!

கோட்டையூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரோஜா முத்தையா செட்டியார் என்பவரும் அதே ஊர்தான். அவர் வாழ்நாள் முழுவதும் பழைய தமிழ் நூல்களையும், பத்திரிகைகளையும், நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வீட்டில் அடுக்கி வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேமிப்பைக் கொண்டு, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பணம் சேர்த்தவர்கள் அந்த ஊரில் பலர் இருந்தார்கள். அவர்களுடைய கடைகள் பர்மாவோடும் மலேயாவோடும் போயின. இந்த இருவரும் சேர்த்த செல்வம்தான் ஊருக்குப் பொதுவாக நிற்கிறது.

மதுரையில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட நாளில் காந்தியடிகள் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணியை அங்கே காணலாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டு மௌனமாக நகர்கிறார்கள். மேல மாசி வீதியில் பிறந்த கோலத்தின் கடைசித் துண்டு அது. யாரோ ஒருவர் எறிந்துவிடாமல் எடுத்து வைத்ததால்தான் அது இன்று கண்ணுக்குக் கிடைக்கிறது.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய போட்டோவையும், தாத்தா எழுதிய கடிதத்தையும் குப்பை என்று கொளுத்தப் போகும்போது ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பின்புறத்தில், படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரு லட்சம் மைல் அலைந்த ஏ. கே. செட்டியாருக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை.